லோத்தின் மனைவி பார்த்தது

வேம்பார்,
11-5-1942.

கர்த்தருக்குள் எனக்குப் பிரியமான தேவகனிக்கு,

வியாழக்கிழமை பஸ் ஏறிப் போனவளிடமிருந்து இன்னும் ஒரு வரி இல்லை. பெட்ரோலுக்குப் பதில் கரி போட்டு ஓட்டுகிற அந்த வண்டி தூத்துக்குடி போய்ச் சேர்ந்ததா, நடுவழியில் மூச்சை விட்டதா, எனக்குத் தெரியாது. கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்ட நாளிலிருந்து ஜனமெல்லாம் தூத்துக்குடியைக் காலி பண்ணிக்கொண்டு ஓடி வருகிறது. நீ ஒருத்தி மட்டும் எதிர்த்திசையில் ஓடியிருக்கிறாய். மதினி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய் வீடு போய்விட்டாள், பொன்னுதுரை அண்ணனுக்குச் சோறாக்க ஆளில்லை என்றாய். சரிதான், ஹார்பர் ஆபீஸில் வேலை பார்க்கிற மச்சான் ஊரை விட்டு அசைய முடியாது. இங்கேயும் ஒருத்தன் கஞ்சியைத் தீய விட்டுக் குடித்துக்கொண்டிருக்கிறான். அவனும் உனக்கு உறவுதான், மறந்துவிடாதே.

ஒரு நல்ல சேதி. மூன்றாம் தேதி ஞாயிறு நான் செய்த லோத்தின் மனைவி பிரசங்கம் குருவானவர் காதுக்கு எட்டிவிட்டது. நேற்று அவரே வந்தார். உப்பளத்தில் வேலை செய்கிற ஜனத்துக்கு, அழிகிற சோதோமைத் திரும்பிப் பார்த்து உப்புத்தூண் ஆனவளின் கதையை இப்படிப் பொருத்திச் சொன்னவர் யாருமில்லை என்று என் தோளைத் தட்டினார். ஏப்ரல் மாதம் நாம் தூத்துக்குடியிலிருந்து வண்டி கட்டி வந்ததையும், வழியில் நீ வண்டியை நிறுத்தச் சொல்லி அம்மியை விட்டு வந்ததற்கு அங்கலாய்த்ததையும் நான் சொன்ன இடத்தில் கோவிலே குலுங்கிற்றே! "வானத்திலே விமானம், வண்டியிலே உயிர், இந்த அம்மாளுக்கு நினைப்பெல்லாம் அம்மிமேலே" என்றதும் பின்வரிசைக் கிழவர்கள்கூடப் பொக்கைவாய் திறந்து சிரித்தார்கள். நீ முக்காட்டை இழுத்துவிட்டுக் குனிந்துகொண்டாய். உனக்கும் சிரிப்பு அடங்கவில்லை போலும்.

ஜூன் பதினாலாம் தேதி அசனம். சுற்று வட்டாரத்துச் சபைகளெல்லாம் கூடி ஒரே பந்தியில் சாப்பிடும் நாளில் அதே பிரசங்கத்தைச் செய்ய வேண்டுமாம். பேராயர் அலுவலகத்திலிருந்தும் ஆள் வருகிறது. குருப்பட்டப் படிப்புக்கு என் பெயரை எழுத அதுவே நல்ல சமயம் என்று குருவானவர் வாய்விட்டே சொன்னார். அதற்குள் நீ வந்துவிட வேண்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
வேதக்கண்.

தூத்துக்குடி,
15-5-1942.

அன்புள்ள அத்தானுக்குத் தேவகனி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

பஸ் பத்திரமாக வந்து சேர்ந்தது. மேலெல்லாம் கரிதான். அண்ணனுக்கு இருமல், மற்றபடி சுகம். கடைத்தெருவில் பாதிக்கு மேல் பூட்டு. இருட்டினால் விளக்குக்குக் கறுப்புத் தாள் சுற்றச் சொல்கிறார்கள். தோணிகள் கரையில் சும்மா கிடக்கின்றன. தோணிக்காரர்கள் நிழலில் உட்கார்ந்து ஆளுக்கொரு புரளி சொல்கிறார்கள். சாயங்காலம் அண்ணன் வரும்வரை நான் கொஞ்சம் நடந்துவிட்டு வருவேன். பயம் ஒன்றுமில்லை.

கஞ்சிக்கு அடுப்பைக் குறைத்து வையுங்கள், தீயாது.

உங்களுக்கு நல்லது நடக்கப் போகிறது என்றால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் அந்தப் பிரசங்கம் வேண்டாம். அங்கே கிணற்றடிக்குப் போனால், "அம்மி வந்து சேந்துட்டாம்மா?" என்று கேட்கிறார்கள். பிள்ளைகள் எனக்கு உப்புத்தூணம்மா என்று பேர் வைத்துவிட்டார்கள். பேர் சொல்லாமல்தானே சொன்னேன் என்பீர்கள். அந்த வண்டியில் நீங்களும் நானும் வண்டிக்கார அய்யாக்குட்டி அண்ணாச்சியும்தான் இருந்தோம். அண்ணாச்சி அம்மாள் இல்லையே!

அசனத்தில் வேறு எதை வேண்டுமானாலும் பேசுங்கள். இதை மட்டும் எனக்காக விட்டுவிடுங்கள்.

உங்கள்
தேவகனி.

வேம்பார்,
19-5-1942.

பிரியமுள்ள தேவகனிக்கு,

கடிதம் கண்டு சந்தோஷம், படித்துக் கொஞ்சம் சங்கடம். இதற்காகவா கோபித்துக்கொண்டு போனாய்?

ஆண்டவர் புளித்த மாவைப் பற்றிச் சொன்னார், விளக்கைப் பற்றிச் சொன்னார், வெள்ளிக்காசைத் தொலைத்துவிட்டு வீட்டைப் பெருக்கின ஸ்திரீயைப் பற்றிச் சொன்னார். எங்கள் வீட்டு மாவை ஏன் கோவிலில் சொன்னீர் என்று எந்தப் பெண்ணாவது அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறினாளா? வசனம் மேலே நிற்கிறது, ஜனம் கீழே உப்பளத்தில் நிற்கிறது. நடுவிலே ஒரு ஏணி போட வேண்டாமா? நான் லண்டனையா கண்டேன், கல்கத்தாவையா கண்டேன்? என் வீட்டு அடுப்பை விட்டால் எனக்கு உவமை ஏது?

உன் கம்மல் தொலைந்ததைச் சொன்னேன், நீயும் சேர்ந்து சிரித்தாய். பேதுருவின் மாமியாரைப் பற்றிப் பேசும்போது உன் அம்மாவின் காய்ச்சலைச் சொன்னேன். மாமி அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார்கள். அம்மிக்கு மட்டும் என்ன வந்தது?

எத்தனை வருஷம் நான் குருவானவருக்குக் கீழே உபதேசியாராகவே இருப்பது, யோசித்துப் பார். இப்போதுதான் ஒரு கதவு திறக்கிறது. அம்மிதான் குறை என்றால் மச்சானிடம் சொல்லிப் பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு வந்துவிடு. நானே இறக்கிச் சுமக்கிறேன்.

உன்
வேதக்கண்.

தூத்துக்குடி,
26-5-1942.

அத்தான்,

இதை நாலு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். இனிக் கிழிக்கத் தாள் இல்லை.

அன்றைக்கு நான் அம்மியைப் பார்க்கவில்லை.

வண்டி கல்லறைத் தோட்டத்துச் சுவர் ஓரமாகத்தானே வந்தது. நீங்கள் முன்னால் அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்து கீர்த்தனை பாடிக்கொண்டிருந்தீர்கள். கொஞ்சம் நிறுத்துங்கள் என்றேன். எதுக்கு என்று கேட்டீர்கள். எப்சி பேர் தொண்டைவரைக்கும் வந்தது. நம் பிள்ளை விஷக்காய்ச்சலில் போய் மூன்று வருஷம் ஆகிறது. அடக்கம் பண்ணி வந்த நாளிலிருந்து நீங்கள் அவள் பேரைச் சொன்னதில்லை. நீங்கள் சொல்லாததால் நானும் சொன்னதில்லை. சொல்லிப் பழகாத வாயில் அது வரவில்லை. "அம்மியை விட்டுட்டோம்" என்றுதான் வந்தது. அம்மியாவது கும்மியாவது, ஓட்டுங்க அண்ணாச்சி என்றீர்கள்.

சுவர் மறைகிறவரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன். குண்டு விழப்போகிற ஊரில் பிள்ளையைத் தனியே போட்டுவிட்டுப் பெற்றவர்கள் ஓடுகிறோமே என்று வயிறு எரிந்தது. செத்த பிள்ளையைக் குண்டு என்ன செய்யும்? அது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

வேம்பாரில் எவருக்கும் எப்சியைத் தெரியாது. அதனால் சிரித்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. உங்கள்மேலும் முழுக் கோபம் வரவில்லை, அம்மி என்று சொன்னது நான்தானே. ஆனால் அங்கே என்னால் இருக்க முடியவில்லை.

நீங்கள் படித்த அதே அதிகாரத்தை நானும் எடுத்துப் படித்தேன். லோத்தின் வீட்டுக்கு வந்த தூதர்கள் அவர்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகுமுன் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "இவ்விடத்தில் இன்னும் உனக்கு யார் இருக்கிறார்கள்?" பெட்டி ஏறிற்றா, கோழி ஏறிற்றா, எண்ணெய்ப் புட்டி ஏறிற்றா என்று நீங்கள் எல்லாம் கேட்டீர்கள். இதை ஒருத்தரும் என்னிடம் கேட்கவில்லை.

அண்ணனுக்குச் சோறாக்கத்தான் வந்தேன், அது பொய்யில்லை. சாயங்காலம் நடந்து போவது அங்கேதான். புல் மண்டி மேடே தெரியாமல் கிடந்தது. பிடுங்கிச் சுத்தம் பண்ணிவிட்டேன்.

தேவகனி.

வேம்பார்,
30-5-1942.

என் தேவகனி,

உன் கடிதம் வந்தபோது அடுத்த வீட்டுப் பேச்சித்தாய் கருவாடு கொண்டுவந்து வாசலில் நின்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஊர்ல யாருக்கும் ஏதும் ஆயிட்டா என்று கேட்டாள். கதவைச் சாத்திக்கொண்டேன். அவள் என்ன நினைத்தாளோ.

என்னை மன்னித்துவிடு. வேறு எப்படி எழுத? அவள் பேரைச் சொன்னால் நீ உடைந்துவிடுவாய் என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். இல்லை, அதுவும் சாக்குத்தான். உடைந்துவிடுவேன் என்று பயந்தது நான். உன் கம்மல், உன் அடுப்பு, மாமியின் காய்ச்சல் என்று வீட்டிலிருந்த எல்லாவற்றையும் பிரசங்கத்துக்குக் கொண்டுபோனேன். அவள் பக்கம் மட்டும் திரும்பியே பார்க்கவில்லை.

நான் ஒன்று தீர்மானித்திருக்கிறேன். எங்கே தப்புச் செய்தேனோ அங்கேயே அதைத் திருத்துவேன். அசனத்தில் முதலில் அம்மிக் கதையைச் சொல்வேன். எல்லாரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு ஓயுமுன் கல்லறைச் சுவரைச் சொல்வேன். கூட்டம் அப்படியே அடங்கிப்போகும். அப்புறம் நீ எடுத்துக் காட்டின கேள்வியைக் கேட்பேன். இத்தனை நாள் வேதம் படித்தும் அது என் கண்ணில் படவில்லையே! அதைக் கேட்டால் அந்தப் பந்தலில் ஒரு கண் நனையாமல் இருக்காது. உன்னை உப்புத்தூண் என்ற வாயெல்லாம் உன்னிடம் மன்னிப்புக் கேட்கும். என் குற்றத்தை நான் ஒளிக்க மாட்டேன்.

நீயும் அன்று வந்து முன்வரிசையில் உட்கார வேண்டும்.

உன்
வேதக்கண்.

தூத்துக்குடி,
3-6-1942.

அத்தான்,

தபாலை நம்பாமல் இதைப் பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

சிரிக்க வைத்தது போதாதென்று அழவும் வைக்கப் போகிறீர்களா? இது சிரிக்கிற இடம், இது அடங்குகிற இடம், இது அழுகிற இடம் என்று உப்பளத்தில் பாத்தி கட்டுகிற மாதிரிக் கட்டி வைத்திருக்கிறீர்களே. மன்னிப்பு என்று ஆரம்பித்த கடிதம் ஒரு பக்கம் தாண்டுமுன் பிரசங்கமாகிவிட்டதை நீங்கள் கவனிக்கவில்லையா?

நான் உங்களுக்கு எழுதினேன். சபைக்கு எழுதவில்லை.

என் கம்மலைச் சொல்லுங்கள். என் சமையலைச் சொல்லுங்கள். நான் பேசுகிற மாதிரிப் பேசிக் காட்டுங்கள், பொறுத்துக்கொள்வேன். எப்சி உவமை இல்லை அத்தான். அவள் நம் பிள்ளை.

அசனத்தில் அவள் பேச்சு வந்தால் நான் வேம்பாருக்கு வர மாட்டேன். குருப்பட்டம் கிடைத்துப் பங்களாவில் குடி போனாலும் அங்கேயும் வர மாட்டேன். இதைக் கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அழுது முடித்து, முகம் கழுவி, அண்ணனுக்குச் சோறு போட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

தேவகனி.

வேம்பார்,
15-6-1942.

என் தேவகனி,

நேற்று அசனம் முடிந்தது. அரிசித் தட்டுப்பாட்டிலும் எப்படியோ எல்லாருக்கும் சோறு எட்டிவிட்டது. என் பிரசங்கம்தான் ஒருவருக்கும் எட்டவில்லை.

காலையிலேயே குருவானவர் அம்மியை மறந்துவிடாதீரும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். வேறு வசனத்தில் பேசுகிறேன் என்றேன். பேராயர் அலுவலகத்துக்காரர் அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று சொல்லி என்னை ஏற்றிவிட்டார். உப்பளத்துக்காரர்கள் சிரிக்கத் தயாராக முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நான் சோதோம் எந்தத் திசை, அங்கேயுள்ள உப்புக் கடலில் ஏன் மீன் இல்லை, எபிரெயு பாஷையில் அதற்கு என்ன பேர் என்று எனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் சொல்லிக்கொண்டே போனேன். வீட்டுப் பக்கம் போகவே இல்லை. ஒரு பெரியவர் குறட்டை விட்டார். பிள்ளைகள் குழம்பு வாசனையைத் தேடிப் போய்விட்டார்கள். கடைசியில் ஒருவன் எழுந்து, "உபதேசியாரே, அந்த அம்மி என்னாச்சு?" என்று கேட்டே விட்டான்.

"அது என் வீட்டு அம்மி" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

இவ்வளவு மோசமாக நான் என்றைக்கும் பேசினதில்லை. குருவானவர் பந்தியில் என்னோடு பேசவில்லை. இந்த வருஷம் படிப்புக்கு வேறொருவர் பேரை எழுதுவதாகச் சாயங்காலம் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார். வருத்தமில்லை என்றால் பொய் சொன்னவன் ஆவேன். ராத்திரி படுத்ததும் நன்றாகத் தூங்கினேன், அதுவும் நிஜம்.

சனிக்கிழமை பஸ்ஸில் நான் அங்கே வரட்டுமா? உன்னைக் கூப்பிட்டுப் போக அல்ல. உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது வா. உன்னோடு எப்சியிடம் போக வேண்டும். அடக்கத்துக்குப் பிறகு நான் அந்த வாசலை மிதித்ததில்லை. எத்தனையோ பேர் கல்லறையில் நின்று ஆறுதல் சொன்னவன், அங்கே வந்து என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. ஜெபம் பண்ணவா, வாயை மூடிக்கொண்டு நிற்கவா? நீ சொல்லு.

உன்
வேதக்கண்.

தூத்துக்குடி,
18-6-1942.

என் அன்பான அத்தானுக்கு,

வாருங்கள். பஸ் நிற்கிற இடத்துக்கு நானே வருகிறேன்.

குருப்பட்டம் போனதில் எனக்கும் வருத்தம்தான். அந்த எபிரெயு பாஷையை நினைத்துச் சிரிப்பும் வந்தது. அண்ணனிடம் சொன்னேன், அவரும் இருமலோடு சிரித்தார்.

ஜெபம் நான் தினமும் பண்ணுகிறேன், அதற்கு நீங்கள் வேண்டாம். வாயை மூடிக்கொண்டு நின்றது மூன்று வருஷம் போதும்.

யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அவள் முகம் எனக்கு மங்கிக்கொண்டே போகிறது. நாம் ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை. கண்ணை மூடினால் காய்ச்சலில் கிடந்த முகம்தான் வருகிறது. அதற்கு முந்தின முகம் வரமாட்டேன் என்கிறது. அவள் உங்கள் மூக்குக்கண்ணாடியை மாவுப்பானைக்குள் போட்டாளே, அப்போது எப்படிச் சிரித்தாள், என்ன சட்டை போட்டிருந்தாள், உங்களை என்னவென்று கூப்பிட்டாள்? எனக்கு எல்லாம் குழம்புகிறது. பெற்றவளுக்கே இப்படி ஆகுமா என்று பயமாக இருக்கிறது.

வீட்டில் நடந்ததைக் கண் முன்னால் கொண்டுவந்து நிறுத்திச் சொல்ல இந்தப் பக்கத்திலேயே உங்களை விட்டால் ஆளில்லை. உங்கள்மேல் கோபமாக இருந்தபோதும் இதை நான் மறுத்ததில்லை. வந்து அவளைப் பற்றிச் சொல்லுங்கள். ஒன்று விடாமல் சொல்லுங்கள். வசனம் எதுவும் சேர்க்க வேண்டாம். கேட்க நான் ஒருத்திதான் இருப்பேன்.

இப்படிக்கு,
எப்சி அம்மா.