படகுகள் படுத்திருந்த மணல்

உங்களுக்கு,

இன்று அலமாரியின் அடித்தட்டைக் காலி செய்யும்போது உங்களுடைய ஓமன் சாலை வரைபடம் கையில் கிடைத்தது. மடிப்பெல்லாம் கிழிந்து, நீங்கள் ஒட்டிய செலோடேப் மஞ்சளாகிப் பொரிந்து கிடக்கிறது. பிரித்ததும் டீசல் வாடை அடித்ததா, எனக்குத்தான் அப்படித் தோன்றியதா, தெரியவில்லை. இரவு தங்கிய இடங்களையெல்லாம் பென்சிலால் வட்டமிட்டுப் பக்கத்தில் பொடி எழுத்தில் குறித்திருக்கிறீர்கள். ‘டீ சுமார், இடம் ஜோர்.’ ‘நாய் உண்டு.’ ‘ஜெனரேட்டர் சத்தம், அம்மிணி கோபம்.’ மஸீரா தீவுக்கு எதிர்க்கரையிலும் ஒரு வட்டம் இருக்கிறது. அதன் பக்கத்தில் மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

அந்த வேனை நீங்கள் வாங்கி வந்த நாளில் ஷார்ஜா ரோலாவில் நம் கட்டடத்துக்குக் கீழே நின்று நான் சத்தம் போட்டது நினைவிருக்கிறதா? ஊருக்குத் திரும்பிப் போன ஒரு ஜெர்மன்காரர் விற்ற பழைய வண்டி. உள்ளே கீழே ஒரு படுக்கை, மேலே பாப்பாவுக்கு ஒரு படுக்கை, கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி. ஓட்டல் செலவு மிச்சம் என்றீர்கள். அது பொய். நாமக்கல்லில் லாரிக்காரர் வீட்டில் பிறந்துவிட்டு ஷார்ஜாவில் ஏசி அறையில் உட்கார்ந்து கணக்கு எழுதிய மனிதருக்கு, ரோட்டோரம் படுத்துத் தூங்க ஆசை.

இடம் தேர்ந்தெடுப்பதில் உங்களுக்குச் சட்டதிட்டம் வேறு. வெளிச்சம் இருக்கும்போதே நிறுத்த வேண்டும். நாலு லாரியாவது நிற்கிற இடமாக இருக்க வேண்டும். டீக்கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். தரையில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, வண்டி சாய்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பீர்கள். எல்லாவற்றுக்கும் மேலே, “வண்டி மூக்கு ரோட்டைப் பாத்து நிக்கோணும். சாவி போட்டா நேரா கிளம்பற மாதிரி இருக்கோணும்.” இதை நூறு தடவை கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிருந்தது.

சலாலாவுக்குப் போய்விட்டுக் கடலோரப் பாதையில் திரும்பிக்கொண்டிருந்தோம். பாப்பாவுக்கு அப்போது ஏழு வயது. நாலு இரவுகள் லாரிகளுக்கு நடுவில் படுத்து, கழிப்பறைக்குப் போக வரிசையாக ஆண்களைக் கடந்து நடந்து, நான் கொதித்துப்போயிருந்தேன். ஐந்தாம் நாள் பின்மதியம், மஸீராவுக்கு எதிரே மேட்டில் ஒரு டீக்கடையும் வழக்கம்போல் லாரிகளும் நின்றன. நீங்கள் பிரேக்கில் கால் வைத்தீர்கள். அப்போதுதான் வலப்பக்கம் கடல் தெரிந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை இறுகிய வெள்ளை மணல், அதற்கு அப்பால் ஒரு நீலக்கோடு.

“அங்க இறக்குங்க” என்றேன்.

“லாரி ஒண்ணையும் அங்க காணமே அம்மிணி. கடையில ஒரு வார்த்தை கேட்டுட்டு வரட்டுமா?”

“தூத்துக்குடிக்காரி நான் இருக்கேன். கடலப் பத்தி டீக்கடையில போயா கேப்பீங்க?”

இறக்கினீர்கள். மணல் சிமெண்டுத் தரைபோல இருந்தது. ஏழெட்டுப் படகுகள் மணலில் ஒருக்களித்துப் படுத்திருந்தன. அவற்றைப் பார்த்து நீங்கள் தயங்கினீர்கள். “படகெல்லாம் ஏன் இங்க கிடக்குது?” என்று கேட்டீர்கள். “எங்க ஊர்லயும் கரையில இழுத்துத்தான் போடுவாங்க. படகு கிடந்தா அது கரைன்னு அர்த்தம்” என்றேன். ஒவ்வொரு படகிலிருந்தும் கயிறு போய் நங்கூரம் மணலில் பதிந்திருந்ததை நானும் பார்த்தேன். இழுத்துப் போட்ட படகுக்கு நங்கூரம் எதற்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் ஊர்க் கடல் ஒரு நாளில் நாலடி முன்னே வரும், நாலடி பின்னே போகும். மைல் கணக்கில் எழுந்து போய்விட்டுத் திரும்பி வருகிற கடலை நான் கண்டதில்லை.

அதோடு விட்டேனா? சமைக்கும்போது கண்ணாடி வழியே கடல் தெரிய வேண்டும் என்று வண்டி மூக்கையும் கடல் பக்கம் திருப்பச் சொன்னேன். டம்ளரை வைத்துப் பார்த்தீர்கள். தண்ணீர் மட்டமாக நின்றது. “இந்த ஒரு நாளு உன்ற இஷ்டம்” என்று சிரித்தீர்கள்.

அலை வந்திருந்தால் சத்தம் கேட்டிருக்கும். அது அலையாக வரவில்லை. வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது, பாப்பா மேல்படுக்கையில் தூங்கிக்கொண்டிருந்தாள். சூரியன் இறங்கிய நேரம் நீங்கள் கதவைத் திறந்து காலை வைத்தீர்கள், கணுக்கால் வரை தண்ணீர். பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தபோது உங்கள் முகத்தில் ரத்தம் இல்லை. நமக்கும் மேட்டுக்கும் நடுவில் இருந்த பள்ளம் முதலில் நிறைந்துவிட்டிருந்தது.

“அடுப்பை அணை” என்றீர்கள். அவ்வளவுதான். ரிவர்ஸ் போட்டீர்கள். சிமெண்டுபோல் இருந்த மணல் களியாகிவிட்டது. சக்கரம் சுற்றச் சுற்ற வண்டியின் பின்புறம் இறங்கியது. ஒரு படகு மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கண்ணாடி வழியே பார்த்தேன். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு எல்லாம் புரிந்தது.

பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளத்தைக் கடக்கப் பார்த்தேன். முழங்காலுக்கு மேல் வந்தது, இழுப்பும் இருந்தது. “போகாதே, அங்கயே நில்லு!” என்று கத்தினீர்கள். கல்யாணமாகிப் பத்து வருடத்தில் நீங்கள் என்னிடம் கத்தியது அந்த ஒரு தடவைதான். ஹாரனை விடாமல் அழுத்தினீர்கள். விளக்கை அணைத்து அணைத்துப் போட்டீர்கள். தண்ணீர் வேனின் படியைத் தொட்டது. பாப்பாவின் தலையை என் கழுத்தோடு அழுத்திக்கொண்டு, இவள் ஒருத்தி பிழைத்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன்.

மேட்டிலிருந்து ஒரு மீனவரின் பிக்கப் கிளம்பியது. அவருக்கு எங்கே கெட்டித் தரை உண்டு என்று தெரியும், சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்தார். கயிறு கட்டி மூன்றாம் இழுப்பில் வண்டியைப் பிடுங்கினார். மேலே வந்ததும் நம்மைப் பார்த்து, உடைந்த இந்தியில் சீறினார். சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு அங்கே நிறுத்தச் சொன்னது யார் என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் சொன்னீர்கள். “மேரா கல்தி, பாய்.” என் தப்பு.

நான் சும்மா இருந்தேன்.

அன்றைக்கு மட்டுமா? ஷார்ஜாவில் எந்த வீட்டு விருந்துக்குப் போனாலும் அந்தக் கதைதான். “நாமக்கல்காரன் ஏரியத்தானுங்க பாத்திருக்கான். கடலுக்குள்ள கொண்டுபோய் நிறுத்திப்போட்டேன்” என்று நீங்களே ஆரம்பிப்பீர்கள். ஆண்கள் தொடையைத் தட்டிச் சிரிப்பார்கள். “இவ எவ்வளவோ சொன்னா, நான் கேக்கல” என்று ஒரு வரி கூடுதலாகவும் சேர்ப்பீர்கள். நானும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தேன். போன ஆவணியில் உங்கள் காரியத்தன்றுகூட யாரோ அந்தக் கதையைச் சொல்லி, அழுத கண்ணோடு சிரித்தார்கள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

பாப்பாவும் மாப்பிள்ளையும் இந்த விடுமுறைக்கு அதே மாதிரி ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்துச் சலாலா போகிறார்கள். வரைபடத்தை அவளிடம் நீட்டினேன். “டோன்ட் வொரிம்மா, அப்பா மாதிரி கடலுக்குள்ள பார்க் பண்ண மாட்டேன்” என்றாள்.

என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. “அங்க நிறுத்தச் சொன்னது நான்தான்” என்றேன்.

“தெரியும்மா. நான் அப்போ தூங்கல. மேல படுத்துக்கிட்டு எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் இருந்தேன்.”

“பின்ன ஏன்டி இத்தனை வருஷம் சொல்லல?”

“அப்பாகிட்ட கேட்டேன், ஏம்ப்பா பொய் சொல்றீங்கன்னு. ‘இந்த ஊர்ல உங்கம்மாவுக்குன்னு இருக்கறது அந்தக் கடலு ஒண்ணுதான் கண்ணு. அதையும் நாம தப்புன்னு சொல்லிப்போட்டா அவ எங்க போவா?’ன்னாங்க.”

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். என் தப்பை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இத்தனை வருடம் ஊரைச் சிரிக்க வைத்தீர்களே, ஒரு நாளாவது அதை என்னிடம் திருப்பித் தந்தீர்களா? கேட்டு வாங்கும் துணிச்சல் எனக்கு இல்லை என்று தெரிந்துதானே வைத்திருந்தீர்கள்? பிறகு அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

சாயங்காலம் உங்கள் நண்பர்கள் இரண்டு பேர் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். பேச்சு எப்படியோ அந்த வேனுக்கு வந்தது. இந்தத் தடவை கதையை நான் சொன்னேன், நடந்தது நடந்தபடி. லாரி, டீக்கடை, நங்கூரம், என் வாய்க்கொழுப்பு, ஒன்றையும் விடவில்லை. முடித்துவிட்டு எல்லார் முகத்தையும் பார்த்தேன்.

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.