தளவை என்றால் தவளை

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், நீ எப்படி இருக்கிறாய் என்று நீ எழுதினால்தான் தெரியும். எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. பதறாதே. பாடியதால் கட்டியது.

சைக்கிள் கடைக்கு மேல் இருக்கிற பாட்டுக்கூடத்துக்கு நான் தைத்த திரையை மாட்டப் போயிருந்தேன். கதவில் சனிக்கிழமைக் கச்சேரி நோட்டீஸ். நான்கு பேர், ஒரே மேடை, எல்லாரும் சொந்தமாகப் பாட்டுக் கட்டுகிற உள்ளூர்ப் பிள்ளைகள். கடைசியில், பெரிய எழுத்தில், அவன். உன்னோடு ஜோடியாகப் பாடியவன். என் தாலாட்டை நீ கித்தாருக்கு மெட்டுக் கட்டினாய், அவன் அதைப் பழைய நாட்டுப்பாட்டு, தான் தேடி எடுத்தது என்று பதிவு செய்து விற்றான். அப்புறம் நீ அதைப் பாடினால் அவன் பாட்டைப் பாடுகிறாய் என்றார்கள். நீ கித்தாரை உறையில் போட்டு மூடினாய், ஊரை விட்டும் போனாய். நான் எதையும் மறக்கவில்லை. மூன்றாவதாக இருந்த புல்லாங்குழல் பெண்ணுக்குக் காய்ச்சலாம். அந்த இடத்தை எனக்குக் கொடு என்று கூடத்துக்காரரிடம் கேட்டேன். நீங்களாக்கா என்று சிரித்தார், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மேடை ஏறினேன். கோபம் முட்டுக்கொடுத்தது. அந்தத் தாலாட்டைத்தான் பாடினேன். 'மழை வந்தா தளவை பாடும், மடி தந்தா மக தூங்கும்.' தளவை என்றால் மறந்துபோன ஒரு காட்டுப்பூ, ஆதிச்சொல் என்று அவன் மேடைக்கு மேடை விளக்குவானாம். பூ எங்கே பாடும் என்று ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. நான் மைக்கில் சொன்னேன், தளவை என்றால் தவளை, என் மகளுக்குச் சின்ன வயதில் நாக்குப் புரளாது, அவள் சொன்னபடியே பாட்டில் வைத்தேன். சிரிப்பில் கூடம் குலுங்கியது. திரையோரம் அவன் நின்றான், என் தையலைப் பிடித்துக்கொண்டு.

அவன் முறை வந்ததும் அந்தப் பாட்டைத் தவிர எல்லாம் பாடினான். பின்வரிசை விடவில்லை, தளவை தளவை என்று கேட்டது. வேறு வழியில்லாமல் ஆரம்பித்தான். அந்தச் சொல் வந்த இடத்தில் இருட்டிலிருந்து ஒரு தவளைச் சத்தம். யார் தெரியுமா, உன் அப்பா. பஸ்ஸில் இறங்கவேண்டிய இடத்தைக்கூடச் சத்தமாகச் சொல்லாத மனிதர். அப்புறம் கூடமே கத்தியது. அவன் விரல் தந்தியில் தடுமாறியது. எனக்குப் பாவமாக இருக்கும் என்று காத்திருந்தேன். இல்லை.

படிக்கட்டில் வந்து, மன்னிச்சிடுங்கம்மா என்றான். என்கிட்ட வேண்டாம், மைக்ல சொல்லு, என் மக பேரைச் சொல்லிச் சொல்லு என்றேன். தலையாட்டினான். தலையாட்டலை நான் நம்புவதாக இல்லை. அதனால் நீ ஊருக்கு வருகிற மாதத்தில் நடக்கும் கச்சேரியில் உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். கேட்காமல் செய்தேன், திட்டிக்கொள். கடைசி இடம், பெரிய எழுத்து. அவன் முதலில் வந்து, இது யார் பாட்டு என்று சொல்லிவிட்டு, உனக்கு மேடையைச் சூடாக்கிவிட்டுப் போகட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு. ஈரத்தலையோடு வெளியே போகாதே. கித்தார்த் தந்தியை இப்போதே மாற்று, புதுத்தந்தி படிய நாளாகும். எல்லா நலமும் உனக்கு வரட்டும், கோபம் மட்டும் அதுவரை ஆறாதிருக்கட்டும்.

கட்டின தொண்டையோடு,
உன் அம்மா