தோல் உரித்த முத்து

அன்பு மகள் ஹெஸ்ஸாவுக்கு,

முஹர்ரக்கிலிருந்து வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். டப்ளினில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, ஆஸ்பத்திரி வேலைக்கு நடுவே கொஞ்சமாவது தூங்கி, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். நான் எப்படி இருக்கிறேன் என்பதை உன் பெரிய வாப்பா கலீல் ஏற்கெனவே சொல்லியிருப்பார். என்னைப் பற்றிய செய்திகள் எப்போதும் என்னை முந்திக்கொண்டு உன்னிடம் வந்துவிடுகின்றன. போனில் பேசினால் என் குரல் ஏறிவிடுகிறது, நீ வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். காகிதத்தில் குரல் ஏறினால் மடித்து வைத்துவிட்டு மறுநாள் படிக்கலாம்.

நம் தெருவை மறுபடி தோண்டிப் போட்டிருக்கிறார்கள், காரைக் கடற்கரைப் பக்கம் நிறுத்திவிட்டு இந்தப் புழுக்கத்தில் நடந்து வர வேண்டியிருக்கிறது. உன் உம்மா மௌஸா ரிஃபாவில் அவள் தங்கை வீட்டில் நன்றாக இருக்கிறாள். என்னை விட்டுப் போன பிறகு அவள் முகம் தெளிந்துவிட்டதாக எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் தெரிகிறது, அதையும் எழுதிவிடுகிறேன். பள்ளியில் இந்த வருடமும் வேதியியல் எனக்குத்தான். லண்டன் போய் ரத்தினக்கல் படித்து வந்தவன் பையன்களுக்கு அமிலமும் காரமும் சொல்லிக்கொடுக்கிறேன். முத்துக் கடையை உன் பெரிய வாப்பாவுக்குக் கொடுத்தபோது என் வாப்பா சொன்ன காரணம் உனக்குத் தெரியும், "கடைக்கு வர்றவங்களுக்குச் சிரிச்ச முகம் வேணும்டா, படிச்ச முகம் வேண்டாம்" என்று எல்லோர் முன்பும் சொன்னார். அந்தச் சிரித்த முகம்தான் இப்போது உன் விரல் வரைக்கும் வந்திருக்கிறது.

நடந்ததை அவர் எப்படிச் சொன்னாரோ தெரியாது, நான் சொல்வதையும் ஒருமுறை படி. உனக்கு மாப்பிள்ளையாக வரப்போகும் தலால் ரமலானுக்கு முன்பு என்னைக் கூப்பிட்டான். "மாமா, நிச்சயத்துக்கு முத்து மோதிரம் போடணும்னு ஆசை. எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. நீங்களே பாத்து எடுங்க, ஹெஸ்ஸாவுக்கு அதுதான் சந்தோஷம்" என்றான். இத்தனை வருடத்தில் முத்தைப் பற்றி என்னிடம் ஒருவர் கேட்டது அப்போதுதான். வாங்கக்கூட நான் போகவில்லை. கடை கலீலுக்குப் போனபோது என் பங்குக்கென்று வந்த சிறு பொட்டலத்தில் ஒன்று இருந்தது, அதை எடுத்தேன். பெரிதில்லை, முழு உருண்டையும் இல்லை, ஒரு பக்கம் லேசாக அமுங்கியிருக்கும். ஆனால் முதல் தரம், முத்து வியாபாரிகள் ஜீவன் என்பார்களே, அது. வெள்ளைக்குள்ளே ரோஜா நிறம் ஓடும். காலை வெளிச்சத்தில், நேர் வெயில் படாத ஜன்னலருகே, சிவப்புத் துணியில் வைத்துப் பார்த்தால் உள்ளேயிருந்து ஒளி வருவது தெரியும். முத்தைத் தேர்ந்தெடுப்பது அவ்வளவுதான், ஹெஸ்ஸா. அளவை எல்லோரும் பார்ப்பார்கள், ஒளி எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

பெருநாள் கழிந்த வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு, கலீல் வீட்டு மஜ்லிஸ் கூடத்தில் எல்லோரும் கூடினோம். தலாலின் உம்மா லதீஃபா வந்திருந்தாள், உன் உம்மாவும் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் என் சிவப்புத் துணியை ஜன்னலருகே விரித்து முத்தை வைத்தேன். லதீஃபா குனிந்து பார்த்துவிட்டு, "யாகூப் அண்ணே, இதென்ன, மாதுளம் விதையா? மருமக விரல்ல இதைத் தேடுறதுக்கு நான் பூதக்கண்ணாடியில்ல வாங்கணும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் மரியாதைக்குச் சிரித்தேன். அப்போது கலீல் உள்ளே போய் ஒரு பெட்டியைக் கொண்டு வந்தார். கறுப்பு வெல்வெட், மேலே கடையில் போடுகிற மாதிரி விளக்கு, நடுவில் கொண்டைக்கடலை அளவுக்கு வெள்ளை வெளேரென்று ஒரு முத்து. "இதப் பாருங்க லதீஃபா, பெட்டியத் தெறந்தா போதும், வெளக்கே வேண்டாம்" என்றார், விளக்கை அணைக்காமலே. லதீஃபா மார்பில் கை வைத்துக்கொண்டாள்.

நான் அதைக் கேட்டு வாங்கி விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்த்தேன், பிறகு லென்ஸில் பார்த்தேன். கத்தி போன தடம் இருந்தது. மங்கிய முத்தின் மேல்தோலைப் பக்குவமான கை உரித்தால் அடியிலிருந்து புதுத்தோல் வரும், அது நம் ஊரில் காலங்காலமாக நடப்பதுதான், நான் அதைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் இதில் ஒரு தோலோடு நிறுத்தவில்லை, பேராசையில் உரித்துக்கொண்டே போயிருக்கிறார்கள். ஒளி கண்ணாடி மாதிரி மேலேயே நிற்கிறது. "இது உரிச்ச முத்து" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். கலீல் சிரித்துக்கொண்டே, "உரிச்சா என்ன தம்பி, வெங்காயமா, நீ அழறதுக்கு?" என்றார். சபை சிரித்தது. "கடல் முத்துதான், வளர்ப்பு இல்ல, சான்றிதழ் இருக்கு" என்றார். "கடல் முத்துதான், நான் இல்லேங்கல. எத்தனை தோல் போச்சுன்னு வாங்கறவங்களுக்குச் சொன்னீங்களா?" என்று கேட்டேன். அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். "நீ எதைக் கையில எடுத்தாலும் தோலை உரிச்சுப் பாக்கறவன். உரிச்சு உரிச்சுத்தானே உன் வீட்டுல ஒண்ணும் மிச்சமில்லாமப் போச்சு" என்றார், உன் உம்மா உட்கார்ந்திருக்கும்போது. அவள் சிரிக்கவில்லை, அது பரவாயில்லை. ஆனால் கிளம்பும்போது என்னிடம், "ஒரு தடவையாச்சும், நல்லாயிருக்கறதப் பாத்து நல்லாயிருக்குன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?" என்றாள். நான் மஜ்லிஸை விட்டு வெளியே வருவதற்குள்ளேயே லதீஃபா கலீலின் முத்தை முடிவு செய்துவிட்டாள். மறுநாள் தலால் கூப்பிட்டு, "மாமா, மனசுல வச்சுக்காதீங்க, உம்மாவுக்கு அது பிடிச்சுப் போச்சு" என்றான். நல்ல பையன்தான். ஆனால் அந்த வாக்கியத்தை நீ நன்றாகக் கேட்டுப் பழகிக்கொள் மகளே, மோதிரத்தோடு அது முடியாது.

அதன் பிறகு நீ கூப்பிட்டாய். பெரிய வாப்பாவிடம் மன்னிப்புக் கேளுங்கள், இல்லாவிட்டால் நிச்சயத்துக்கு வராதீர்கள் என்றாய். அவர் உனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தாரா, நீயே சொன்னாயா என்று நான் கேட்கவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் எனக்கு ஒன்றுதான். நான் வராவிட்டால் பெண்ணின் வாப்பா உட்கார வேண்டிய இடத்தில் அவர் உட்காருவார், அதையும் யோசித்தேன். நேற்று அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் அவரை நிறுத்தி, "சபையில வச்சுச் சொன்னதுக்கு மன்னிச்சுக்குங்க. சொன்ன விஷயத்துக்கு இல்ல" என்றேன். அவர் பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்து, "பாருங்கய்யா, மன்னிப்பையும் உரிச்சுத்தான் குடுக்கறான்" என்றார். அவர்கள் சிரித்தார்கள். பிறகு என் தோளில் கை போட்டுக்கொண்டார், எல்லோரும் பார்க்க வேண்டுமே. ஆகவே நான் வரலாம் என்று நினைக்கிறேன். உனக்கு அது போதாது என்றால் எழுது, வரவில்லை.

என் முத்தைப் பற்றி இனி யாரும் பேச வேண்டாம். தலால் மனம் மாறிக் கேட்டாலும் தரமாட்டேன், நீ கேட்டாலும் தரமாட்டேன். சபை பார்த்துச் சிரித்த முத்தை மறுபடி துணியில் வைக்கிற ஆள் நான் இல்லை.

உனக்கு வரப்போகும் மோதிரத்துக்குச் சில விஷயங்கள். தோல் குறைந்த முத்து என்பதால் மற்றவர்கள் சொல்வதைவிட நீ இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கைக்குத் தடவுகிறீர்களே, அந்தத் திரவம் அதன் மேல் படவே கூடாது. வேலைக்குப் போட்டுக்கொண்டு போகாதே, சாவிகளோடு பையிலும் போடாதே. மருதாணிக்கு முன்பு கழற்றிவிடு, அதில் எலுமிச்சை பிழிகிறார்கள், புளிப்பு முத்தைத் தின்றுவிடும், இதை நான் பள்ளியில் ஒவ்வொரு வருடமும் செய்து காட்டுகிறேன். அத்தரும் ஊது எண்ணெயும் பூசி, அது காய்ந்த பிறகுதான் மோதிரம். தொழுகைக்கு ஒளு செய்யும்போதும் கழற்று, முத்தை அடியில் ஒரு சிறு ஊசியில் பசை வைத்துத்தான் ஏற்றியிருப்பார்கள், தண்ணீர் இறங்கினால் பசை விட்டுவிடும். கழற்றியதும் மெல்லிய பருத்தித் துணியை லேசாக நனைத்துத் துடை, சோப்பு வேண்டாம். லாக்கரில் பூட்டாதே, அந்த ஊர் ஹீட்டர் காற்றில் உலர்ந்து கீறல் விழும். அணிந்தால்தான் முத்து நன்றாக இருக்கும். என்றாவது ஒளி மங்கினால், பெரிய வாப்பா கொண்டா என்பார், இன்னொரு தோல் எடுத்துப் புதிதாக்கித் தருகிறேன் என்பார். கொடுக்காதே. உள்ளே இனி ஒன்றும் இல்லை. மங்கினபடியே போட்டுக்கொள்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும், சொன்ன சொல்லில் நிற்கும் கணவனையும், உன் பக்கம் பேசும் ஒரு வீட்டையும் தரட்டும். குளிரில் தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே. கடைசியாக ஒன்று. அன்றைக்கு மோதிரம் போட்டதும் நீ ஒவ்வொருவராகப் போய்க் கையைக் காட்டுவாய், அதுதான் வழக்கம். என்னிடமும் வா, கையைப் பிடித்து துஆ செய்கிறேன். ஆனால் வரும்போது மோதிரக் கையை நீட்டாதே, மற்றக் கையைக் கொடு. நீ நீட்டினால் நான் பார்ப்பேன், பார்த்தால் என் முகத்தில் தெரிந்துவிடும், லதீஃபாவும் கலீலும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இப்படிக்கு,
உன் வாப்பா,
யாகூப்