வியாழக்கிழமைப் புகை

திருமலைராயன்பட்டினம்
8.8.2024

அன்பு மச்சானுக்கு, பஹீமாவின் ஸலாம்.

போனில் உங்கள் குரலைக் கேட்டால் அப்போதே கிளம்பி வந்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். கையில் தீக்காயம் ஆறி வருகிறது. கஞ்சி கொட்டிவிட்டது என்று வாப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். கங்கு நிறைந்த சாம்பிராணிச் சட்டியை நீங்கள் எத்திவிட்டதை எப்படிச் சொல்வேன்?

வளைகுடாவில் நீங்கள் தங்கியிருந்த கட்டடம் தீப்பிடித்து, பிழைத்து வந்ததிலிருந்து உங்களுக்கு உறக்கமில்லை. அலறி எழுகிறீர்கள். ஜின் பிடித்திருக்கிறது என்று மாமி சொன்னார்கள். நானும் வியாழன்தோறும் மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு வீடு முழுக்கப் புகை போட்டேன். இன்னும் மோசமாகத்தான் ஆனீர்கள்.

மனநல டாக்டரைப் பாருங்கள் மச்சான். அதுவரை நான் வரமாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் பஹீமா

காரைக்கால்
13.8.2024

பஹீமாவுக்கு,

கோபிக்காமல் என்ன செய்வது? நான் பைத்தியமா? அந்த டாக்டரின் வாசலில் என்னை யாராவது பார்த்தால் அஸர் தொழுகைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். தங்கச்சி ஜன்னத்தைப் பெண் பார்க்க வருகிற நேரம் இது.

உம்மா வைக்கும் மீன் ஆணத்தில் உப்பே இல்லை. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல? வந்துவிடு.

ரிஃபாய்

திருமலைராயன்பட்டினம்
20.8.2024

மச்சானுக்கு,

உப்பைப் பற்றி எழுதுகிறீர்கள், உறக்கத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. ஜன்னத் எனக்குப் போன் செய்து அழுதாள். "மச்சி, அடுப்பு பத்தவச்சாலே ரிஃபாய் நானா தெருவுக்கு ஓடிடுறாங்க. என் கல்யாணம் எங்கயும் போயிடாது. நீங்க சொன்னா கேப்பாங்க" என்றாள்.

சொல்லிவிட்டேன். காய்ச்சலுக்குப் போவது போலப் போய் வாருங்கள். எனக்கு நீங்கள் வேண்டும்.

பஹீமா

காரைக்கால்
11.9.2024

என் பஹீமாவுக்கு,

போனேன். ஜன்னத்தான் கூட வந்தாள். யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

வளைகுடாவில் என் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த சோமசேகரன் அந்தத் தீயிலிருந்து வெளியே வராததை முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். அழுதேன். டாக்டரம்மா அவசரப்படுத்தவில்லை. சாம்பிராணி போட்டதையும் சொன்னேன். "வீட்டுல இனிமே புகையே வேணாங்க. அந்த வாடை வந்ததும் உங்க மனசு திரும்ப அந்தத் தீக்குள்ள போயிடுது" என்றார். நீயும் உம்மாவும் எனக்காகத்தானே போட்டீர்கள். உங்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

மாத்திரை தந்திருக்கிறார். வாராவாரம் பேச வரச் சொல்லியிருக்கிறார். போவேன், இன்ஷா அல்லாஹ்.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். இனி நீ வரலாம். ஆனால் வராதே, பஹீமா. நேற்றும் உறக்கத்தில் எழுந்து கதவை இடித்திருக்கிறேன். பக்கத்தில் நீ படுத்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. என் மேல் எனக்கு நம்பிக்கை வரட்டும், நானே வந்து அழைத்துப் போகிறேன். அதுவரை அங்கேயே இரு.

உன் ரிஃபாய்