வற்றிய கிணற்றின் கப்பி

என் பாவாடையில் புதிதாக ஓர் ஓட்டை விழுந்திருக்கிறது. சனிக்கிழமை கம்பவுண்டர் ஐயா வீட்டுக்கு ரேடியோ பேட்டரி திரும்பி வந்தபோது அமிலம் தெறித்து விழுந்த ஓட்டை. துவைத்துப் போட்டும் அந்தப் புளிப்பு வாடை போகவில்லை. இதை எழுதும்போதும் வருகிறது. நாம் இரண்டு பேரும் அதைப் பேய் வாடை என்று சொல்வோம். அந்த வாடை வந்தால் ஞாயிற்றுக்கிழமை நாடகம் உண்டு என்று அர்த்தம்.

பேட்டரியைத் தூக்கி வந்தது உன் அப்பாதான். நெய்யாற்றின்கரையில் சார்ஜ் ஏற்றி, சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். முன்பெல்லாம் ரேடியோ பாடும்வரை பின்வாசலில் நின்று கேட்டுவிட்டுத்தான் போவார். பாடுகிறது என்ற செய்தியை உனக்குக் கொண்டுபோக வேண்டுமே. இந்த முறை இறக்கி வைத்துவிட்டு, "சொகந்தானா மக்கா?" என்று என்னைக் கேட்டார். தலையாட்டினேன். உடனே போய்விட்டார்.

உனக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. பழைய நாடகங்களை மறுபடியும் போடுகிறார்கள். நம்முடைய மலைப் பங்களா நாடகத்தையும் நேற்றுப் போட்டார்கள். அன்றைக்கு வாரம் வாரமாக வந்ததைச் சுருக்கி ஒரே மூச்சில் முடித்துவிட்டார்கள். கடைசிப் பகுதியை நான் கேட்டுவிட்டேன். அந்த வற்றிய கிணற்றில் இரவெல்லாம் நீர் இறைத்தது யார் என்பது இப்போது எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது. ஒரு விஷயத்திலாவது நான் உன்னை முந்திக்கொண்டேன் என்றுதான் முதலில் தோன்றியது. செத்துப்போனவளிடம் இப்படிப் பொறாமைப்படுகிறவள் வேறு யாராவது இருப்பாளா என்று தெரியவில்லை.

உன்மேல் எனக்குப் பொறாமை வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. மரச்சீனிக் கிழங்கு வெட்டும் காலம். வெள்ளறடைப் பக்கத்துப் பாறையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கிழங்கைத் தோலுரித்து வில்லை வில்லையாக அரிந்து வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தோம். காலையில் பாறையில் வேலை, சாயங்காலம் கம்பவுண்டர் ஐயா வீட்டில் பாத்திரம் கழுவுவது, இதுதான் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு என் நாள். பள்ளிக்கூடத்தை நான் விட்டது ஏன் என்று உனக்குத் தெரியும். வாசிக்கச் சொன்னால் எழுந்து நிற்பேன். புத்தகத்தில் இருப்பது எல்லாம் தெரியும். குரல் மட்டும் வராது. வகுப்பே சிரிக்கும். ஒருநாள் போகவில்லை, பிறகு போகவே இல்லை.

கம்பவுண்டர் ஐயா வீட்டு ரேடியோ முன்பு திருவனந்தபுரம்தான் பாடும். நம் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி எல்லைப் போராட்டம் சூடு பிடித்ததும் ஐயா முள்ளைத் திருகித் திருச்சியில் கொண்டு நிறுத்தினார். "இனி இந்த வீட்டில தமிழாக்கும் பாடும்" என்றார். மலையாளப் பாட்டு போய்விட்டதே என்று ஐயாவின் வீட்டுக்கார அம்மாவுக்குக் கோபம். முதல் ஞாயிற்றுக்கிழமையே பேய் நாடகம் வந்தது. அம்மா முறத்தைக் கீழே போட்டுவிட்டு, "ஓ, பேய்க்கும் இப்பத் தமிழாக்கும்!" என்றார். ஆனாலும் நாற்காலியை ரேடியோவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் கையில் சாம்பலோடு நின்று கேட்டேன்.

ஒரு மலைப் பங்களா. அதில் வாய் பேசாத ஒரு எசமானி. அவளைப் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ் வருகிறாள். பங்களாவின் பின்னால் வற்றிப்போன கிணறு. இருட்டினால் அந்தக் கிணற்றில் கப்பி சுழலும் சத்தம் கேட்கும், யாரோ நீர் இறைப்பதுபோல. நர்ஸ் விளக்கோடு ஓடிப்போய்ப் பார்த்தால் யாரும் இல்லை. கயிறு மட்டும் ஆடும். திருச்சியிலிருந்து சத்தம் அலையலையாக வரும். முக்கியமான இடத்தில் தேய்ந்து போகும், பிறகு காதுக்குள் வந்து கத்தும். அந்தத் தேய்தலே எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் பாறைக்குப் போகும் வழியில் உன்னிடம் மட்டும் சொன்னேன். உன்னிடம் சொல்ல எனக்குக் குரல் வரும். நீ "பின்னே?", "பின்னே?" என்று கேட்டுக்கொண்டே வந்தாய். பாறையில் உட்கார்ந்ததும், எல்லாருக்கும் கேட்கிறமாதிரி, "எக்கா, நேத்து ரேடியோவில ஒரு கதை வந்து, கேட்டியளா?" என்று ஆரம்பித்துவிட்டாய். எனக்குக் கையில் கத்தி நின்றுவிட்டது. கேட்டது நான். சொல்வது நீ.

நன்றாகச் சொல்லாமலாவது இருந்திருக்கலாம். நீ தண்ணீர் குடிக்கும் தேங்காய்ச் சிரட்டையை நனைத்துப் பாறையில் கவிழ்த்து மெதுவாக உரசினாய். கிர்ரீச், கிர்ரீச் என்று கப்பி சுழன்றது. வெட்ட வெளிச்சத்தில், பட்டப்பகலில், ஒரு பாறை முழுக்கக் கத்திகள் நின்றன. ரேடியோவில் அந்த எசமானி சும்மா ஊமை. நீ அவளுக்கு மாறுகண் கொடுத்தாய், இடது கையில் ஆறாவது விரல் கொடுத்தாய். அப்படி இல்லை என்று சொல்ல வாய் துடித்தது. ஆனால் நீ சொன்ன பிறகு எனக்கும் அவள் ஆறு விரலோடுதான் தெரிந்தாள்.

வேலையை மேற்பார்க்கும் கங்காணி செல்லையன் கத்தினான். "எளவு, கத்தி ஓடல்லியே! கதை வேண்டாம், கிழங்க வெட்டுங்க!" நீ உடனே வாயை மூடிக் கிழங்கை அரிய ஆரம்பித்தாய். கத்திகள் மறுபடி ஓடின. பிறகு அவனே பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில், "பின்னே அந்த நர்சு கெணத்துக்குள்ள பாத்தாளா, இல்லியா?" என்றான். பாறையே சிரித்தது. தங்கம்மை அக்கா தான் சுட்டுக் கொண்டுவந்த மரச்சீனியில் நல்ல பாதியை உடைத்து உனக்குத்தான் தந்தாள். எனக்கு நுனி.

அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் அப்படித்தான். நான் கேட்பேன், வழியில் உனக்குச் சொல்வேன், நீ பாறைக்குச் சொல்வாய். சொல்லாமல் விட்டால் என்ன என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைப்பேன். மறுநாள் உன் முகத்தைப் பார்த்ததும் வாய் திறந்துவிடும். ஐயா வீட்டு முற்றத்தில் ஆட்கள் கூடி, எந்த ஊர் எந்தப் பக்கம் சேரும் என்று பேசிக்கொண்டிருந்த நாட்கள் அவை. நீ பாறையில் கேட்டாய், "எல்லைக்கோடு நம்ம பாறைக்க நடுவே போனா, பேய் எந்தப் பக்கம் நிக்கும்?" தங்கம்மை அக்கா, "ரெண்டு பக்கமும் ஓட்டு வாங்கும்" என்றாள். இப்படிப் பேச எனக்கு ஏன் வரவில்லை என்று அன்றைக்கு முழுவதும் கிழங்கைத் தடிதடியாக அரிந்து திட்டு வாங்கினேன்.

பிறகு கடையடைப்பு வந்தது. பஸ் நின்றது. சந்தியில் போலீஸ் வண்டி வந்து நின்றது. நாடகத்தின் கடைசிப் பகுதி வரவேண்டிய ஞாயிற்றுக்கிழமை ரேடியோ பாடவில்லை. ஐயா முள்ளைத் திருகித் திருகிப் பார்த்துவிட்டு, பேட்டரி இல்லாத பெட்டியைத் திருகி என்ன பயன் என்று அம்மா சொன்னதும் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் வழியில் நீ காத்து நின்றாய். "கெணத்தில ஆரு?" என்றாய், நான் கிட்டே வருவதற்கு முன்பே. ரேடியோ பாடவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இரவெல்லாம் நான் அந்தக் கிணற்றடியில்தான் இருந்தேன். எனக்கு ஒரு முடிவு கிடைத்திருந்தது. அதைச் சொன்னேன்.

நர்ஸ் கடைசியில் கயிற்றைத் தானே பிடிக்கிறாள். இழுக்கிறாள். வற்றிய கிணற்றிலிருந்து வாளி கனத்துக்கொண்டு வருகிறது. எட்டிப் பார்த்தால் உள்ளே நீர் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாததிலிருந்து ஒரு குரல் நர்ஸின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது. அது எசமானியின் குரல். சின்ன வயதில் அந்தக் கிணற்றில் எதையோ பார்த்துப் பயந்தவளின் குரல் அங்கேயே விழுந்து கிடந்திருக்கிறது. தினமும் அதை இறைத்து எடுக்கப் பார்த்தது அவள்தான்.

நீ "பின்னே" என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பாறையில் அதைச் சொன்னாய். வாளி மேலே வந்த இடத்தில் சிரட்டையை நிறுத்திவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எல்லாருடைய முகத்தையும் பார்த்தாய். யாரோ தாங்க முடியாமல், "சொல்லு பிள்ளே, உள்ள என்ன உண்டு?" என்று கத்தும்வரை பார்த்தாய். அந்தக் குரல் வந்தபோது தங்கம்மை அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு உன் கையைப் பிடித்துக்கொண்டாள். கங்காணி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். இதுபோல ஒரு கதை ரேடியோவில் வந்ததே இல்லை என்றார்கள். ரேடியோவைப் புகழ்ந்தார்கள், உன்னைப் புகழ்ந்தார்கள். நான் இரண்டுக்கும் நடுவில் கிழங்குத் தோல் பொறுக்கினேன்.

திரும்பி வரும்போது நீ கேட்டாய். "பேட்டரி நெய்யாற்றின்கரையில கெடக்கு. பஸ் இல்லாம எனக்க அப்பன் கடையிலேயே வச்சிட்டு நடந்து வந்ததாக்கும். பின்னே ரேடியோ எப்படிப் பாடிச்சு?"

நான் நின்றுவிட்டேன்.

"அது உனக்க கதை இல்லியா?"

தலையாட்டினேன். நீ என் தோளில் கை போட்டாய். "நல்லா இருந்து மக்கா. பேடிக்காத. நான் ஆருட்டயும் சொல்ல மாட்டேன்."

அதைப் பெரிய உதவியாக நினைத்துச் சொன்னாய். எனக்கு அழுகை வந்தது பயத்தால் அல்ல. எல்லாரிடமும் நீ சொல்ல வேண்டும் என்றுதான் நான் நினைத்தேன். மறுநாளே பாறையில் எழுந்து நின்று, இது இவளுக்க கதையாக்கும் என்று நீ சொல்ல வேண்டும். என்னால் சொல்ல முடியாது. உனக்குத்தான் குரல் உண்டு. நீயோ வாக்குத் தந்தால் தந்ததுதான் என்று இருந்துவிட்டாய்.

மழைக்காலத்தில் உனக்குக் கண் மஞ்சளித்தது. கீழாநெல்லி அரைத்துத் தந்தார்கள், பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கோயிலில் சாவு மணி அடித்தபோது நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அடக்கத்துக்குப் பாறைப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். தங்கம்மை அக்கா உன் பெட்டியின்மேல் விழுந்து, "கப்பி சத்தம் இனி ஆரு கேப்பிப்பா?" என்று கதறினாள். அங்கேயும் என் கதைதான். உனக்காகத்தான் அழுதேன். ஆனால் அவளுடைய அந்த அழுகை எனக்கு வேண்டும் என்றும் இருந்தது.

நேற்று நாடகத்தின் உண்மையான முடிவைக் கேட்டேன். சிரிக்காதே. கயிற்றை இழுத்தது பங்களாவின் கணக்குவழக்கைப் பார்த்த காரியஸ்தன். எசமானியை விரட்டிவிட்டுச் சொத்தைப் பிடுங்கப் பார்த்தானாம். போலீஸ் வந்து பிடித்தது. எசமானிக்குப் பயம் தெளிந்து பேச்சும் வந்துவிட்டது. கல்யாணப் பாட்டோடு முடிந்தது. ஐயாவே, "இதுக்காக்கும் இத்தனை நாளு காத்திருந்தோம்?" என்றார்.

இன்றைக்குப் பாறையில் தங்கம்மை அக்கா என்னைக் கேட்டாள். "பழைய நாடகம் வந்துதாமே, கேட்டியா?" எல்லாரும் திரும்பினார்கள். நான் கிழங்கைப் பார்த்துக்கொண்டே, காரியஸ்தன், போலீஸ் என்று இரண்டு வார்த்தை சொன்னேன்.

"ஆரு சொன்னது?"

"ரேடியோ."

"ரேடியோவுக்கு என்ன தெரியும்! நம்ம பிள்ளை சொன்னதாக்கும் சரி" என்றாள் அக்கா. "போலீசாம் போலீசு. நாம பாக்காத போலீசா?"

பாறை சிரித்தது. கங்காணியும், "வாளியில சத்தம் வந்துதே, அதாக்கும் கதை" என்றான். எனக்குக் காது சுட்டது. என் கதைக்காக ரேடியோவோடு சண்டை போடுகிறார்கள், உன் பெயரைச் சொல்லி. எப்படி வந்தது என்று தெரியவில்லை. "அது அவளுக்க கதை இல்லே. எனக்க கதை" என்று வாயிலிருந்து வந்துவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை. நம்பவும் இல்லை. தங்கம்மை அக்கா கத்தியை மடியில் வைத்துக்கொண்டு, "எங்கில் சொல்லு, கேப்போம்" என்றாள்.

உன் சிரட்டை பாறை இடுக்கிலேயே இருந்தது. நீ போன பிறகு அதை யாரும் தொடவில்லை. எடுத்தேன். நனைத்தேன். முதல் உரசலில் சத்தம் வரவில்லை. இரண்டாவதில் கப்பி சுழன்றது. கத்திகள் ஒவ்வொன்றாக நின்றன. நர்ஸ் கயிற்றைப் பிடித்த இடத்திலிருந்து சொன்னேன். என் குரல் மெல்லியது, எல்லாரும் முன்னால் குனிந்து கேட்க வேண்டியிருந்தது. குனிந்தார்கள். வாளி மேலே வந்ததும் நான் நிறுத்தினேன். அவர்கள் முகங்களைப் பார்த்தேன். யாரோ, "சொல்லு பிள்ளே" என்றார்கள்.

முடிந்ததும் தங்கம்மை அக்கா கண்ணைத் துடைத்தாள். "அப்படியே அவதான்" என்றாள்.

பார்த்தாயா? நான் வாய் திறந்த அன்றைக்கும் நீதான் வந்து உட்கார்ந்துகொண்டாய். கோபத்தோடுதான் வீட்டுக்கு நடந்தேன். பாதி வழியில்தான் தோன்றியது, வாளி வந்த இடத்தில் நான் நிறுத்தினேனே, அந்த நிறுத்தம் நான் உனக்குச் சொன்ன கதையில் இல்லை. அது நீ போட்டது.

கிளம்பும்போது கங்காணி, "நாளைக்கு வேற உண்டா?" என்று கேட்டான். உண்டு என்று சொல்லிவிட்டேன். ஒன்றும் இல்லை. ரேடியோவிலும் அடுத்த ஞாயிறுவரை ஒன்றும் இல்லை. நீ இருந்தால் விடிவதற்குள் எதையாவது யோசித்து உன்னிடம் கொடுத்திருப்பேன். நீ சொல்லியிருப்பாய், நான் வயிறெரிந்து கிழங்கு வெட்டியிருப்பேன். நாளைக்கு நான்தான் சொல்ல வேண்டும்.

சிரட்டையைப் பாறையில் விட்டுவரவில்லை. மடியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். உன் கை பட்ட இடம் வழவழவென்று தேய்ந்திருக்கிறது, என் பெருவிரல் அதில் சரியாக உட்காருகிறது. அது உன்னுடையது என்று எனக்குத் தெரியும். திருப்பித் தரமாட்டேன்.