அழைப்பு அனுப்பாத விருந்து

பெலி போடோக்,
25 அக்டோபர் 1983

அன்புள்ள மச்சான் வுக்கோமானுக்கு,

ராதிசாவ் எழுதுவது. எனக்கு எழுத்து தெரியாது என்று உனக்கே தெரியும். நான் சொல்லச் சொல்ல தபால்காரர் புதிமிர் எழுதுகிறார். மாடும் நானும் சுகம். என் தங்கை ஸ்தமெனாவை அடுப்படியில் ரொம்ப நேரம் நிற்கவிடாதே, அவளுக்கு முழங்கால் வலி.

போன வருஷம் எங்கள் வீட்டுப் புனிதர் திமித்ரி நாளில் நடந்ததை நான் மறக்கவில்லை. எனக்கு மறதியே கிடையாது, அதுதான் தொல்லை. மனைவி இறந்துபோன பிறகு நானே சுட்ட ரொட்டி அது. பாதிரியார் ஆசீர்வதித்துக் கையில் எடுத்தபோது நீ, "கோடாலி கொண்டாங்கப்பா, இது கத்திக்கு மசியாது" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். "பிடிக்கலன்னா வாசல் அங்க இருக்கு" என்றேன். எழுந்து போய்விட்டாய்.

இந்த ஞாயிறு நற்கருணை வாங்கப் போனேன். பாதிரியார் கிண்ணத்தை மூடிக்கொண்டு, "மச்சான்கிட்ட பேசிட்டீங்களா? பேசிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது சொல்கிற 'எங்கள் பிதாவே' ஜெபத்தில், மன்னிப்பு வருகிற இடம் தொண்டையைத் தாண்டமாட்டேன் என்கிறது.

ஆகையால் நவம்பர் எட்டாம் தேதி, திமித்ரி நாள் விருந்துக்கு உன்னை அழைக்கிறேன். தவறாமல் வரவும்.

ராதிசாவ்

*

வ்ர்போவாட்ஸ்,
30 அக்டோபர்

மச்சான் ராதிசாவுக்கு,

அழைக்கிறாயா? என்னையா? வீட்டுப் புனிதர் நாளுக்கு நம் ஜனத்தில் எவனாவது அழைப்பு அனுப்புவானா? ஒரு தடவை வந்தவன் சாகும்வரை தானாக வருவான். அன்றைக்கு வழிப்போக்கனுக்கும் கதவு திறந்திருக்கும். முப்பது வருஷம் கூப்பிடாமல் வந்தவனைக் கூப்பிட்டால், நீ யாரோ நான் யாரோ என்றுதான் அர்த்தம். அன்று வாசலைக் காட்டினாய். இன்று தபாலில் இது.

"அண்ணன் தனியா கெடக்குது, போயிட்டு வாங்களேன்" என்று ஸ்தமெனா அழுகிறாள். அவள் வருவாள். நான் வரமாட்டேன். உன் ரொட்டி கல்தான்.

வுக்கோமான்

*

பெலி போடோக்,
10 நவம்பர்

அன்புள்ள மச்சானுக்கு,

அழைத்தது தப்புத்தான். கூப்பிடாமல் கூப்பிடுவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

நீ வரவில்லை. உன் இடத்தில் யாரையும் உட்காரவிடவில்லை. ஸ்தமெனா சாப்பிடாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாதிரியாரிடம், "அவன் வரல சாமி" என்றேன்.

"வர்றதும் வராததும் அவரு பாடு. நீங்க மன்னிச்சீங்களா?"

"மன்னிச்சேன். மறக்கல."

"மறக்கச் சொன்னது யாரு?" என்றார்.

அதே ஜெபத்தில் கடவுளுடைய ராஜ்யம் வரவேண்டும் என்றும் தினமும் கேட்கிறேன். வந்தால் அங்கே ஒரு மேசைதான் இருக்கும். மச்சான் இல்லாத ராஜ்யமாகப் பார்த்துக் கொடு என்று கேட்க முடியுமா? அதனால் இங்கேயே பழகிக்கொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

டிசம்பர் பத்தொன்பது உன் வீட்டுப் புனிதர் நிக்கோலா நாள். நீ அழைக்கமாட்டாய், அழைக்கவும் கூடாது. நான் வருவேன். எல்லோர் முன்னாலும் நீ வாசலைக் காட்டினால் போய்விடுவேன். அடுத்த வருஷமும் வருவேன்.

ராதிசாவ்

*

வ்ர்போவாட்ஸ்,
14 டிசம்பர்

மச்சானுக்கு,

இது அழைப்பு அல்ல. புதிமிர் படித்துக் காட்டும்போது அப்படி எதையாவது சேர்த்தால் நம்பாதே.

இங்கே நல்ல பனி. நிக்கோலா நாள் நோன்புக் காலத்தில் வருவதால் இறைச்சி இல்லை. கெண்டை மீன் வாங்கி வைத்திருக்கிறேன், பெரியது, முள் அதிகம். அவசர அவசரமாகத் தின்கிறவர்கள் பார்த்துத் தின்ன வேண்டும். பொதுவாகச் சொல்கிறேன். ஸ்தமெனா இரண்டு நாளாகப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வீடு பெருக்குகிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

மரப்பாலம் உறைந்துபோய் வழுக்குகிறது. மாவு ஆலைப் பக்கமாகச் சுற்றி வருகிறவர்கள் விழுவதில்லை என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள்.

வுக்கோமான்