டாக்டர் நடக்கச் சொன்னது

செவ்வாய், இரவு.

என் இடுப்பில் செயற்கை மூட்டு வைத்த டாக்டரிடம் இன்று பரிசோதனைக்குப் போனேன். வடமதுரையிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா ஆபரேஷனுக்குத் தயங்கிக்கொண்டிருந்தார். "இவருக்கும் இதே மூட்டுதான் வச்சேன். சார், செத்த நடந்து காட்டுங்க" என்றான் டாக்டர். தொடை சுண்டி இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடந்தேன்.

"வலிக்குதாய்யா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"வலியா? சார் மலைக்கோட்டையே ஏறுவாரு" என்று அவனே பதில் சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்துத் தொலைத்தேன். போன முறை வலியைச் சொன்னதற்கு, "வயசு சார்" என்று என் வாயை அடைத்தவன்.

மற்றவர்களுக்கு இந்த மூட்டு நன்றாகவே அமைந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. அந்த அம்மா ஆபரேஷனுக்குச் சம்மதித்துவிட்டார், நாளைக் காலையில் சேர்கிறார். அதற்குள் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்விட வேண்டும். அவனை எதிர்த்துப் பேசத் தைரியம் வராது. அந்த அம்மா கண்ணில் படும்படி, உள்ளபடியே நொண்டிக்கொண்டு போவேன்.